கண்ணாயிரத்தின் காது

தெருமுனையில் யாராவது துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு நடந்து வந்தால் போதும், கண்ணாயிரம் பாட ஆரம்பித்துவிடுவார். பாட்டு என்று சொல்வது மரியாதைக்குத்தான். தறிக்குழிக்குள் காலை ஓங்கி மிதித்து, பலகையை இரண்டு மடங்கு வேகத்தில் அடித்து, அந்தச் சத்தத்துக்கும் மேலே தொண்டையைத் திறந்துவிடுவார். வந்தவர் வாசலில் நின்று வாயசைப்பது தெரியும், ஒன்றும் கேட்காது. "ஒரு சாண் பாக்கி இருக்குதுபா. புடவைய தறியிலேர்ந்து அறுத்துட்டு வந்து கேக்கறேன், நீ போ" என்று கையால் விரட்டுவார். வந்தவரும் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிவிடுவார்.

பிள்ளையார்பாளையத்தில் அவருக்கு இரண்டு தெரு நிறையப் பங்காளிகள். மாதம் தவறாமல் அவர்களில் யாராவது கண்ணை மூடுகிறார்கள். பங்காளி செத்தால் தீட்டு. காரியம் முடிகிறவரை தறியைத் தொடக் கூடாது. அதிலும் கல்யாணப் புடவை ஏறியிருக்கிற தறி என்றால் கிட்டேயே போகக் கூடாது. எல்லாச் சாவுக்கும் தறியை விட்டு எழுந்தால் எந்தப் பெண்ணுக்கும் முகூர்த்தத்துக்குப் புடவை போய்ச் சேராது. அதனால் கண்ணாயிரம் ஒரு சட்டம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

"செத்ததால தீட்டு வர்லபா. சேதி காதுல உழுந்தாத்தான் வருது. எனக்கு உழல."

"காதுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கினு குந்தியிருக்குது இந்த மனுசன்" என்பார் மூலையில் ராட்டை சுற்றிக்கொண்டிருக்கும் அவர் மனைவி பட்டம்மாள். சொல்வாரே தவிர, தாழ்ப்பாளைத் திறந்துவிட்டதில்லை.

மனுஷருக்கு நெசவில் அவ்வளவு ருசி. முந்தியில் மயில் விழுகிற நாளில் அவரோடு பேசவே முடியாது. கால் விழுந்து, வயிறு விழுந்து, கழுத்து எழும்பும்போது, "வாடா ராசா, மூக்கைக் காட்டு" என்று கொஞ்சுவார். கொண்டை வந்து முடிந்ததும் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு வெற்றிலை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, தானே பெற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். அடுத்த மயிலும் அதே மயில்தான். அதற்கும் அதே கொஞ்சல்தான்.

அதற்காகக் கெட்ட செய்தியே பிடிக்காத ஆள் என்று நினைக்க வேண்டாம். வங்காளத்துச் சண்டை நடந்தபோது தறிக்கூடத்து ரேடியோவுக்கு அவர்தான் காவல். பாட்டு வந்தால் குறைத்து, செய்தி வந்தால் ஏற்றி, முகம் தெரியாத சனங்களுக்காகச் சாப்பிடாமல்கூட இருந்திருக்கிறார். உறவு செத்தால் மட்டும் அறுப்பு முடிகிறவரை காத்திருக்க வேண்டும்.

அறுத்த பிறகு கேட்பார். கேட்டால் நிஜமாகவே அழுவார். அங்கேதான் வம்பு. மற்றவர்கள் அழுது முடித்து, வடை பாயசத்தோடு இலையில் உட்கார்ந்திருக்கும் நாளில் இவர் புதிதாக அலறிக்கொண்டு உள்ளே நுழைவார். பாயசத்தை வைத்துவிட்டு அத்தனை பேரும் மறுபடி அழ வேண்டியிருக்கும்.

எதிர்வீட்டுக்காரனான நானும் ஒருமுறை மாட்டினேன். என் பெண்ணுக்கு வரன் முடிந்ததைச் சொல்லலாம் என்று போனேன். அன்றைக்கு எனக்குக் கடைவாய்ப் பல் வலி. முகத்தைப் பார்த்ததுமே பாட்டு தொடங்கிவிட்டது. தாம்பூலத் தட்டோடு திரும்பி வந்தேன்.

ஜரிகை கொண்டுவருகிற சனாவுல்லா ஒருவர்தான் அவரை வாய்விட்டுக் கிண்டல் செய்வார். "அரே கண்ணாயிரம், உன் காதுக்கு எட்டலன்னா ஆளு மவுத் ஆகலையா? போனவன் திரும்பி வந்து சோறு கேப்பானா?" சைக்கிளிலிருந்து இறங்குவதற்கு முன்பே இப்படி ஏதாவது ஒன்று வந்து விழும்.

போன வாரம் அவர் பேசாமல் இறங்கினார்.

தறியில் கல்யாணப் புடவை, முந்தியில் கடைசி வரிசை மயில். சாயங்காலம் அறுப்பு, இரண்டு நாளில் முகூர்த்தம். நான் உள்ளே உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். சனாவுல்லா ஜரிகைப் பெட்டியை வைத்துவிட்டு, "முந்தி ஷோக்கா வந்துருக்குது" என்றார். இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. பட்டம்மாளின் ராட்டை நின்றுபோனது.

கண்ணாயிரம் பாட வாயெடுத்தார். பாட்டு வரவில்லை.

"பாய், இன்னிக்கு ஒண்ணும் சொல்லாத. சாயங்காலம் அறுத்துடுவேன்."

"நான் இன்னாபா சொன்னேன்? நீ நெய்யி."

சொன்னவர் போகவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஊடைநூல் ஓட்டுகிற நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாலைந்து முறை ஓடியது.

"எந்தப் பக்கத்துலேர்ந்து வரே?"

"தாமல்லேர்ந்து. மச்சான் வூட்டுக்குப் போயிருந்தேன்."

தாமலில் கண்ணாயிரத்தின் அண்ணன் ஆதிகேசவன் மூன்று மாதமாகப் படுக்கை. ஞாயிறு தவறாமல் பக்கோடாப் பொட்டலத்தோடு பஸ் ஏறி, படுத்திருக்கிறவரோடு சீட்டாடி, "ஏமாத்தறான், சாவக் கெடக்கும்போதும் ஏமாத்தறான்" என்று திட்டிக்கொண்டே திரும்புவார் தம்பி.

"ஏரியில தண்ணி இருக்குதா?"

"இருக்குது." சனாவுல்லா தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு மணிக்கு பஸ் இருக்குதுபா. நானும் வரேன்."

அவ்வளவுதான் அவர் சொன்னது. கண்ணாயிரம் எழுதி வைத்த சட்டப்படி இன்னும் எதுவும் காதில் விழவில்லை. சாயங்காலம் வரை நெய்து, புடவையை அறுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டால் ஒருவரும் குறை சொல்ல முடியாது. அதற்குள் அண்ணனை எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். எனக்கு அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தறிச் சத்தம் நின்றது.

கண்ணாயிரம் குழியிலிருந்து காலை வெளியே எடுத்தார். பக்கத்துத் தறியில் இருந்த முனுசாமியைக் கூப்பிட்டார். பங்காளி இல்லை, வேறு ஊர்க்காரர். "அவன் அடிச்சா புடவையா வராது, சாக்குதான் வரும்" என்று கண்ணாயிரம் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிற அதே முனுசாமி.

"இங்க வந்து குந்துப்பா. கழுத்து வரைக்கும் வந்துட்டுது. நீ முடிச்சுடு. பொண்ணு வூட்டுக்காரங்க சாயங்காலம் வருவாங்க."

"நானா?" என்றார் முனுசாமி.

"நீதான். மெதுவா தட்டு."

சனாவுல்லா எழுந்தார். இனி சொல்லலாம் என்று நினைத்தாரோ என்னவோ, "கண்ணாயிரம்..." என்று ஆரம்பித்தார்.

கண்ணாயிரம் அவரைத் தாண்டிக் கொல்லைக் கிணற்றடிக்குப் போனார். ஒரு வாளி இறைத்து, கட்டியிருந்த வேட்டியோடு தலையில் ஊற்றிக்கொண்டார்.