இறக்கத்தில் நியூட்ரல்

மேடு ஏறத்தான் பெட்ரோல் வேண்டும், இறங்க எதற்கு? இது என் அப்பாவின் சித்தாந்தம். கரும்பு லாரி ஓட்டியவர் அவர். எங்கள் ஊரான ரக்கிரக்கிப் பக்கத்து மேடுகளில் உச்சிக்கு வந்ததும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, அடுத்த பாலம் வரை லாரியைச் சும்மா உருட்டிக்கொண்டே போவார். அவரிடம் ஓட்டக் கற்றவன் நான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பெட்ரோல் விஷயத்தில் நாங்கள் அளந்துகூடப் போடாத பரம்பரை.

அந்தச் சித்தாந்தம் என் முதல் காரின் கியர்பெட்டியைத் தின்றது. கொஞ்சம் விட்டிருந்தால் என் குடும்பத்தையும் தின்றிருக்கும்.

கார் எனக்கு வந்தது மூன்றாவது கூவுக்குப் பிறகு. ஆட்சிக் கவிழ்ப்புக்கு ஃபிஜியில் எங்கள் வாயில் 'கூ' என்றுதான் பெயர். எண்பத்தேழில் இரண்டு, இரண்டாயிரத்தில் ஒன்று. ஸ்டேஷனில் ரயில் கூவியதுபோல ஒவ்வொரு கூவுக்கும் ஒரு கூட்டம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும். முதல் இரண்டில் என் அண்ணனும் அக்காமார் இருவரும் போனார்கள். மூன்றாவதில் பக்கத்து வீட்டு மாஸ்டர் போனார். பள்ளிக்கூட வாத்தியாரை அங்கே மாஸ்டர் என்போம். ஜப்பானில் யாரோ ஓட்டித் தள்ளிய சின்ன ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வைத்திருந்தார். போகிற அவசரத்தில் அதை எனக்கு விற்றார்.

சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்: "தம்பி, கியர் ஆயில அப்பப்போ பாரு. எஞ்சின் ஓடறப்போ, சூடா இருக்கறப்போ பாக்கணும். செவப்பா இருந்தா நல்லது. அப்புறம், இது உங்கப்பா லாரி இல்ல. நியூட்ரல்ல உருட்டாத."

தலையாட்டினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

காரோடு ஒரு தடித்த கையேடும் வந்தது. முழுக்க ஜப்பானிய எழுத்து. படங்களைப் பார்த்துவிட்டு டாஷ்போர்டுப் பெட்டியில் வைத்துவிட்டேன். எனக்குப் புரிந்த ஒரே சொல் OFF. கியர்த் தண்டில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் முன்பக்கம் O/D OFF என்று மஞ்சள் விளக்கு எரியும். ஏசி OFF, ரேடியோ OFF, இதுவும் OFF என்றால் மிச்சம்தானே? இரண்டு வருடம் அந்த விளக்கை அணையவே விடவில்லை. சாமி விளக்குக்குக்கூட அப்படி ஒரு கவனம் கிடைத்ததில்லை.

கண்டுபிடித்தவள் என் மனைவி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதையும் படித்துப் பார்க்காமல் தொடமாட்டாள். அது ஓவர்டிரைவ் என்றும், அதை அணைத்தால் வண்டி மேல் கியருக்குப் போகாமல் கத்திக்கொண்டே அதிகப் பெட்ரோல் குடிக்கும் என்றும் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்தாள்.

"ரெண்டு வருஷமா வண்டி கத்துதேன்னு பாத்தேன்" என்றாள். "உங்களுக்கு அணைக்கறதுன்னா சரி. எதையாச்சும் ஆரம்பிக்கறதுதான் வராது."

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மறுநாள் நாந்திக்குப் போய்வந்தபோது பொத்தானை அவள் சொன்னபடி வைத்துப் பார்த்தேன். பெட்ரோல் முள் இறங்கவே மாட்டேன் என்றது. அவளிடம் இதைச் சொல்லவில்லை. நியூட்ரல் பழக்கத்தையும் விடவில்லை. ஒன்றில் தோற்றவன் இன்னொன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான், அதுபோலத்தான்.

நாந்தி விமானநிலையம் எனக்குப் பழகிய இடம். ஊரில் யார் கிளம்பினாலும் கொண்டுபோய் விடுவது நான்தான். அண்ணனையும் அக்காமாரையும் அப்பாவின் லாரியில் விட்டேன், மாஸ்டரை அவர் விற்ற காரிலேயே கொண்டுபோய் விட்டேன். கட்டிப்பிடித்து அழுவார்கள், கண்ணாடிக் கதவுக்குள் போவார்கள், நான் திரும்பி வருவேன். போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு ஊர் இருந்தது. எனக்கு ஒரு வேலை இருந்தது, அவர்களை வழியனுப்புவது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இந்த நிலையில் என் மனைவி நியூசிலாந்துக்கு விண்ணப்பம் போட்டாள். நர்ஸ்களை அங்கே கூப்பிட்டுக்கொண்டிருந்த காலம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. புலிலேகாவில் இருந்த அவள் வீட்டாரின் கரும்பு நிலமும் குத்தகை முடிந்து கைவிட்டுப் போய்விட்டது. "இனிமே இங்க என்னங்க இருக்கு?" என்று கேட்டாள். நான் இருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் ஹிந்திதான். எங்கள் வீட்டிலும் சாப்பாடு, ஆபீஸ், மழை எல்லாம் ஹிந்தியில்தான் பேசுவோம். தமிழ் எங்களுக்குச் சண்டை போட. இருவருமே சின்ன வயதில் கோயில் வகுப்பில் தமிழ் படித்தவர்கள். யாருக்கும் புரியாது என்பதால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே சண்டை போடலாம். அந்த வருடம் எங்கள் வீட்டில் தமிழ் செழித்து வளர்ந்தது.

பயம்தான் எனக்கு, இன்று சொல்வதில் வெட்கமில்லை. இருபது வருடம் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. என் மேஜை, என் நாற்காலி, என் ரப்பர் முத்திரை. அங்கே போனால் ஏதாவது ஒரு கிடங்கின் வாசலில் காவலுக்கு நிற்க வேண்டியிருக்கும் என்று நியூசிலாந்திலிருந்து அண்ணன் கடிதத்தில் எழுதியிருந்தார். ஆனால் வரமாட்டேன் என்று அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை. மதில் மேல் பூனையாக உட்கார்ந்திருந்தேன்.

விண்ணப்பத்தில் எனக்கென்று ஒரு பக்கம் இருந்தது. கணவர் உடன் வருகிறாரா? ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். கீழே கையெழுத்துப் போட்டேன். கட்டங்களைத் தொடவில்லை.

"இது?" என்றாள்.

"அங்க ஆபீஸ்ல கேட்டுப் போட்டுக்கலாம்."

காகிதங்களை ஃபைலுக்குள் வைத்தாள். தலைநகர் சுவாவில் நேர்காணலுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அன்றைக்கு வராவிட்டால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று சொல்ல முடியாது என்று கடிதத்தில் போட்டிருந்தது.

அதற்கு முந்திய சனிக்கிழமை காரைக் கழுவும்போது, மாஸ்டர் சொன்னது ஏனோ நினைவுக்கு வந்தது. எஞ்சினை ஓடவிட்டு, கியர் ஆயிலின் அளவுக்கம்பியை உருவித் துணியில் துடைத்தேன். சிவப்பே இல்லை. கறுத்துப்போய், தோசைக்கல்லில் மறந்துவிட்ட ரொட்டியின் வாசனை அடித்தது. கியர் விழும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்குவதும் சில வாரமாகத் தெரிந்ததுதான். கம்பியைத் திரும்பச் செருகினேன். துணியைக் கொல்லைப்புறத்தில் போட்டேன். மெக்கானிக்கிடம் போகவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. வண்டி போனால் போகட்டும், நின்றால் நிற்கட்டும் என்று இருந்தேன். முடிவை நான் எடுக்காமல் கியர்பெட்டி எடுத்தால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது அல்லவா?

நேர்காணல் அன்று விடியும் முன் கிளம்பினோம். அந்தப் பக்கம் சாலை அப்போது பாதிக்கு மேல் கப்பிக்கல். அவள் மொடமொடவென்று சேலை கட்டி, ஃபைலை மடியில் வைத்திருந்தாள். நான் வழக்கம்போல ஒவ்வொரு உச்சியிலும் நியூட்ரலுக்குத் தள்ளினேன், கீழே வந்ததும் D-க்கு இழுத்தேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். ஒரு பாலத்தைத் தாண்டி D-க்கு இழுத்தபோது எஞ்சின் ஓவென்று அலறியது, வண்டி மட்டும் நகரவில்லை. 2-ல் போட்டேன், L-ல் போட்டேன். மேட்டின் காலடியில் மெல்லப் பின்னால் சரிய ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்து ஓரங்கட்டினேன்.

இருவரும் இறங்கினோம். பானெட்டைத் திறந்து, ஒன்றும் தெரியாதவன்போல உள்ளே குனிந்து பார்த்தேன்.

"உங்களுக்குத் தெரியும்தானே?" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அந்தத் துணிய நான்தான் தொவச்சேன். கருகின வாசன எனக்குத் தெரியாதா? நீங்களே சொல்வீங்கன்னு நாலு நாளு பாத்தேன்."

சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன். அவள் நோயாளியிடம் பேசுகிற குரலில் பேசினாள். நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

சுவா பஸ் காலையில் எங்களுக்குப் பின்னால் வரும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. சாலையோரம் போய் நின்று, தூரத்தில் புழுதி தெரிந்ததுமே கையைக் காட்டினாள். நின்றது. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினாள். எங்கள் ஊர் பஸ்களுக்குக் கண்ணாடி கிடையாது, மழைக்குத் தார்ப்பாயை இறக்கிவிடுவார்கள், அவ்வளவுதான். அதனால் அவள் முகம் நன்றாகத் தெரிந்தது. திரும்பிப் பார்த்து, "ரொட்டி பின் சீட்டுல இருக்கு, சாப்பிடுங்க" என்றாள். பஸ் போய்விட்டது.

நாந்தியில் எத்தனையோ பேரை வழியனுப்பியவன் நான். அன்றைக்குத்தான் வழியனுப்புவது என்றால் என்ன என்று தெரிந்தது.

மத்தியானம் ஒரு கரும்பு லாரி காரைக் கயிறு கட்டி இழுத்துவந்தது. எங்கள் ஊர் மெக்கானிக் ஒரு பூர்வகுடி ஃபிஜியர். ஹிந்தியை எங்களைவிட நன்றாகப் பேசுவார். எண்ணெயை வடித்து, விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: இறக்கத்தில் நியூட்ரலா? ஆமாம் என்றேன். பொறுமையாக விளக்கினார். இந்த மாதிரி எஞ்சினில், கியரில் இருக்கும்போதே காலை எடுத்தால் இறக்கத்தில் பெட்ரோல் தானாக நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் அணையாமல் இருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். கியர்பெட்டிக்குள் எண்ணெயும் சரியாக ஏறாது. ஓடுகிற வண்டியை ஒவ்வொரு தடவை D-க்கு இழுக்கும்போதும் கிளட்ச் பிளேட்டு தேயும். மொத்தத்தில் நான் எதையும் மிச்சம் பிடிக்கவில்லை. சும்மா தேய்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அவள் அன்று சுவாவில் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் மத்தியானம் வந்தாள். வேலை கிடைத்துவிடும் போலிருக்கிறது என்றாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டேன்.

"அந்தக் கட்டத்துல என்ன போட்ட?"

"இல்லன்னு போட்டேன்." தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "வர்றதா இருந்தா நீங்களே போட்டிருப்பீங்க."

ஹிந்தியில் ஆரம்பித்த பேச்சு அந்த இடத்தில் தமிழுக்கு மாறியிருந்தது. ஆனால் அது சண்டை இல்லை. அதற்கப்புறம் ஐந்து மாதம் எங்கள் வீட்டில் சண்டையே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

லௌடோகாவில், புலம்பெயர்ந்தவர்கள் விட்டுப்போன வண்டிகளைப் பிரித்து விற்கிற இடத்திலிருந்து பழைய கியர்பெட்டி ஒன்றை மெக்கானிக் வாங்கி மாட்டினார். புதுச் சிவப்பு எண்ணெய் ஊற்றினார். சனிக்கிழமைதோறும் கம்பியை உருவிப் பார்த்தேன். குங்குமம் கரைத்ததுபோல இருக்கும். அவளைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும் போலிருக்கும். காட்டி என்ன சொல்வது என்று தெரியாமல் கம்பியைச் செருகிவிடுவேன்.

அவள் கிளம்பும் நாள் வந்தது. பின் சீட்டில் இரண்டு பெட்டி, ஒரு பாட்டில் ஊறுகாய். நாந்திக்குத்தான், எனக்குத் தூக்கத்திலும் தெரிந்த வழி. உச்சிகளில் கை தானாகக் கியர்த் தண்டுக்குப் போயிற்று, எடுத்துக்கொண்டேன். D-யிலேயே இறங்கினேன். தவுவா, பா எல்லாம் தாண்டிவிட்டோம். லோவுப் பக்கத்தில் ஒரு சின்ன இறக்கம். அவள் என் கையையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இப்ப நியூட்ரல் போடறதில்லையா?"

"இது தாங்காது."

அவள் மறுபடி வெளியே பார்த்தாள். கரும்பு வெட்டி முடித்த வயல். இன்னும் அரைமணி நேரம்தான், அப்புறம் அந்தக் கண்ணாடிக் கதவு. நான் காரை ஓரங்கட்டினேன்.

"எனக்கும் தாங்காது" என்றேன். "நீ இல்லாம அந்த வீட்டுல என்னால இருக்க முடியாது. வாசல்ல காவலுக்கு நின்னாலும் நிக்கறேன். நானும் வர்றேன்."

இருபது வருடக் கல்யாணத்தில் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. அவள் கைப்பையைத் திறந்து, மடித்து மடித்து ஓரம் நைந்துபோன ஒரு காகிதத்தை எடுத்தாள். கணவர் பின்னால் வந்து சேர்வதற்கான தனி விண்ணப்பம், அதிலும் அதே இரண்டு கட்டங்கள். சுவாவில் அன்றைக்கே இதையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள்.

"அஞ்சு மாசமா இத வச்சிட்டா இருந்த?"

"நீங்க கேட்டாத் தர்றதுக்கு."

இறங்கிப்போய்க் காகிதத்தை வைத்து எழுதலாம் என்றால் பானெட் சுட்டது. டாஷ்போர்டுப் பெட்டியிலிருந்து ஜப்பானியக் கையேட்டை எடுத்து, அதன்மேல் காகிதத்தை வைத்து, அவள் பேனாவை வாங்கினேன். முதலில் ஆம் என்ற கட்டத்தில் குறி போட்டேன், பிறகுதான் கையெழுத்து. அவள் வாங்கி, நோயாளியின் சீட்டைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"தேதி போடலையே" என்றாள்.

இருபது வருடம் தினமும் காலையில் முதல் வேலையாகத் தேதி முத்திரையைத் திருப்பி வைத்த குமாஸ்தாவுக்கு, அன்று என்ன தேதி என்று ஞாபகம் வரவில்லை. அவள்தான் சொன்னாள்.