டிஷ்ஷுக்கு ஒரு மூலை

விழுப்புரத்தில் புது வீட்டுக்குக் குடிபோன வாரமே மொட்டை மாடியில் டிஷ் மாட்ட ஆள் வந்தார். தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி முன்பக்கம் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் அங்கே முருங்கை மரம் மறைத்தது. நட்டநடுவில் வைக்கலாம் என்றார் அவர். அது வடகம் காயப்போடுகிற இடம் என்று என் மனைவி ஒரே பிடியாக நின்றாள். கடைசியில் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்து மூலையைக் காட்டினார்.

"அங்கியே வையுங்க. கம்பிய மட்டும் நல்லா ஸ்ட்ராங்கா நிறுத்துங்க" என்றாள். எதற்கும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிற ஆளே இல்லை அவள்.

மறுநாள் கிரிக்கெட்டில் கடைசி ஓவர். படம் போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். எதிர்ச்சுவர்க் கொக்கியிலிருந்து டிஷ் கம்பிக்குக் கொடி கட்டி, சொட்டச்சொட்ட ஒரு போர்வையைப் போட்டுக்கொண்டிருந்தாள். பாரத்தில் டிஷ் தலைகுனிந்து நின்றது.

"இன்னாடி பண்ணிக்கினு இருக்க?"

"கம்பி சும்மாதான நின்னுக்கினு இருக்குது?"

கோபமாகத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. அந்தக் கொடி இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. மேட்ச் நாளில் மட்டும் துணி காயப்போடுவது என் வேலை. பெரும்பாலும் கைக்குட்டைகள்தான்.