முதல் ஓட்டத்தில் ஏறாத ஐஸ்காரர்

உங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் பொருத்தியவரிடம், அதை ஓடவிடும் நேரம் பார்த்து, "நீங்கள் உள்ளே இருந்தால் கெட்டுப்போகும், வெளியே நில்லுங்கள்" என்று சொல்வீர்களா?

பாய்மரப் படகின் சமையல்மேடைக்கு அடியில் இடுப்புவரை நுழைந்து, செம்புக் குழாயின் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக்கொண்டிருக்கிறார் ஐஸ்காரர். படகுகளில் குளிர்ப்பெட்டி பொருத்துகிறவர்; படகுத்துறையில் அதுதான் அவர் பெயர். குமிழி வந்தால் வாயு கசிகிறது என்று பொருள். வரவில்லை. ஆனாலும் இன்னொரு தடவை தடவுவார். "நுரை பொய் சொல்லாது சார். அவசரப்பட்ட கண்ணுதான் சொல்லும்."

பிறகு பலகையில் காதை ஒட்டிக் கம்ப்ரசரைக் கேட்பார். இதில் அவர் மனைவிக்குத் தீராத குறை: "நான் நாலு தடவ கூப்பிட்டாலும் விழாது. அந்த டப்பா முனகினா மட்டும் மனுசனுக்குக் காது கேட்டுரும்."

பத்தொன்பது ஆண்டுகளில் அறுபது படகுகளுக்காவது குளிர் கொடுத்திருப்பார். ஒன்றில்கூடக் கடலுக்குப் போனதில்லை. திரும்பி வருகிறவர்களிடம், "படகு சாயறப்ப மோட்டார் சத்தம் மாறுச்சா?" என்று கேட்பார். யாருக்கும் நினைவிருக்காது.

பெட்டி பொருத்தியபின் முதல் ஓட்டத்தில் மெக்கானிக் ஏறினால் வழியில் ஏதாவது உடையும் என்பது படகுக்காரர்களின் நம்பிக்கை. காற்றையும் ஆழத்தையும் கருவி வைத்து அளப்பவர்கள், மனிதனை மட்டும் சகுனம் வைத்து அளக்கிறார்கள்!

உண்மை நேர்மாறானது. பெட்டியின் சூட்டைக் கடல்நீர்தான் கொண்டுபோகிறது. அந்த நீரை உறிஞ்சும் துளை படகின் அடியில் ஒரு பக்கமாக இருக்கிறது. பாயில் காற்றேறிப் படகு மறுபக்கம் சாய்ந்தால், துளை நீருக்கு மேலே வந்துவிடலாம். பம்பு காற்றைக் குடிக்கும், பெட்டி நின்றுபோகும். கரையில் கட்டிக்கிடக்கும் படகில் இது தெரியாது. சாயும்போது பக்கத்தில் ஆள் வேண்டும். ஒருமுறை இப்படி நின்றுபோய், ஒரு படகில் மூன்று நாள் மீனும் நாறியது. பழி துளையின்மேல் விழவில்லை. "உன் கைராசி" என்றார்கள்.

போன வாரம் ஒரு படகில் பதினொரு நாள் வேலை முடிந்தது. மறுநாள் காலை சவரம் செய்துகொண்டு, புதுத் தொப்பியோடு வந்து நின்றார். உரிமையாளரிடம் கேட்டேவிட்டார்.

"சார், ஒரு மணி நேரம் நானும் வரட்டுமா? ஓரமா உக்காந்துக்கறேன். சாயறப்ப மோட்டார் எப்படி மூச்சு விடுதுன்னு பாக்கணும்."

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. முதல் ஓட்டம். மெக்கானிக் வந்தா ஆகாதும்பாங்க."

"டாக்டர் பக்கத்துல இருந்தாதான் காய்ச்சல் வரும்ங்கற மாதிரில்ல இருக்கு?"

உரிமையாளரின் மனைவி வாய்விட்டுச் சிரித்தார். உரிமையாளர் சிரிக்கவில்லை. "கயித்த மட்டும் அவுத்து விட்டுருங்க."

அவிழ்த்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். "அதுக்காவது தெரியும், கடல் எப்படி இருக்கும்னு" என்றார், தான் பொருத்திய பெட்டியைப் பற்றி.

துறையின் அலைத்தடுப்புச் சுவர் தாண்டியதும் படகு பாய் விரித்தது, காற்று பிடித்தது, மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. துறையின் விளிம்பில் நின்றவருடைய உடம்பும் இடப்பக்கம் சாய்ந்தது. படகு நிமிரும்வரை அவரும் நிமிரவில்லை.

படகு வைத்திருப்பவரே, அடுத்த முறை கயிற்றை நீங்களே அவிழ்த்துக்கொள்ளுங்கள். முதலில் அவரைக் கைகொடுத்து ஏற்றுங்கள்.