கோத்தா திங்கிக் கல்மேடை

காலையிலிருந்து லாரியில் குலுங்கி, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு கோத்தா திங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். பார்க்க வந்த பழைய கல்மேடை, சுண்ணாம்பு பூசிக்கொண்டு வெள்ளை வெளேரென்று நிற்கிறது.

இதனடியில் கிடைத்த கண்ணாடி மணிகள் ரோமாபுரிக் காலத்தவை என்கிறார்கள். மேடையின் நடுவே ஓடும் பள்ளத்தைப் பற்றித்தான் சிங்கப்பூரில் புதைபொருள் ஆராயும் இரண்டு துரைமாருக்குள் சண்டை. பலி ரத்தம் வழிவதற்கு வெட்டியது என்கிறார் ஒருவர். அபிஷேகத் தண்ணீர் போவதற்கு என்கிறார் மற்றவர். நேரில் பார்த்துவிடலாம் என்று வந்தால் பள்ளத்தையே காணோம். சிமெண்டு வைத்து வழவழவென்று மெழுகியிருக்கிறார்கள்.

"இத யாரு அடைச்சது?" என்று கூட வந்த தோட்டத்துக் கங்காணியிடம் கேட்கிறேன்.

"நாங்கதாங்க. தண்ணி தேங்கினா கொசு வரும்னு ஆஸ்பத்திரி டிரெசர் ஐயா சத்தம் போட்டாரு."

இவ்வளவு தூரம் வந்தது சிமெண்டைப் பார்க்கவா? தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"சரி, என்ன சாமி இது?"

"அதுலதாங்க தகராறு. மேல் லயத்து வீட்டுக்காரங்க பிள்ளையாருங்கிறாங்க. கீழ் லயத்துல முனியாண்டிங்கிறாங்க. தொரைங்க என்ன சொல்றாங்க?"

"அவங்களும் இன்னும் முடிவு பண்ணல."

கங்காணியின் முகம் வாடிவிடுகிறது. மேடைக்குப் பின்னால் கட்டியிருக்கும் கிடாவைக் காட்டுகிறார். அது தன் கழுத்து மாலையை மென்றுகொண்டிருக்கிறது.

"வெள்ளிக்கிழமை பூசைங்க. அதுக்குள்ள தொரைங்கள முடிவு சொல்லச் சொல்லுங்க. முனியாண்டின்னா இத வெட்டணும், பிள்ளையாருன்னா அவுத்து விடணும்."