லத்திர் நம்பாத சேதி

டக்காரில் டாக்சி ஓட்டுகிறவர்களில் லத்திர் சேனுக்கு இருக்கிற வாய் வேறு எவனுக்கும் கிடையாது. மெதினா பேட்டையில் என் தையல் கடை வாசலில்தான் அவன் வண்டி நிற்கும். கறுப்பும் மஞ்சளும் பூசிய பழைய வண்டி. அதன் பின்கதவு வெளியே இருந்துதான் திறக்கும். ஏன்டா சரி பண்ணக் கூடாதா என்று கேட்டால், "திருடன் ஏறுனா எறங்க முடியாதுல்ல" என்பான். "அப்ப நீ எப்படி எறங்குவே?" என்று நானும் விடமாட்டேன்.

அவன் செரேர். நான் துக்குலோர். எங்கள் இரண்டு சனத்துக்கும் நடுவில் கேலி முறை. மாமன் மச்சான் கேலியெல்லாம் இதன் கிட்டே வர முடியாது. அவனைப் பார்த்ததும் நான் "அடிமை" என்று கூப்பிட வேண்டும். அவன் என்னைச் "சோத்துத் திருடா" என்று கூப்பிட வேண்டும். எவ்வளவு கேவலமாகச் சொன்னாலும் முகம் சுளிக்கக் கூடாது. கல்யாணம், பேர் வைக்கிறது, சாவு எதுவும் இதற்கு விலக்கு இல்லை. என் வாப்பா மவுத்தானபோது லத்திர் வந்து, அவரைத் தூக்கிப்போகிற சந்தூக்குக்குக் குறுக்கே நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டான். "இந்தக் கெழவன் எங்கிட்ட வாங்கித் தின்ன சோத்துக்குக் கணக்குச் சொல்லாம எங்க போறான்? ஒரு கெடா குடுங்க, எந்திரிக்கிறேன்" என்று ஒப்பாரி வைத்தான். விடிந்ததிலிருந்து அழுதுகொண்டிருந்த என் உம்மா சிரித்துவிட்டாள். அதற்காக அவனுக்கு நான் எந்தச் சென்மத்திலும் கடன்பட்டவன்.

நானும் சும்மா இருந்தவன் இல்லை. அவன் செத்துவிட்டான் என்று டாக்சிக்காரர்கள் நடுவில் பலமுறை அறிவித்திருக்கிறேன். அவன் வீட்டு ஆட்களை வாரம் ஒருத்தராகக் கொன்றிருக்கிறேன். அவன் கட்டிய இரண்டு பெண்களும் அவனை விட்டுப் போனார்கள். எது கேலி, எது நிஜம் என்று தெரியாமல் எத்தனை நாள்தான் குடும்பம் நடத்துவார்கள், பாவம். சொந்தம் என்று அவனுக்கு மிச்சம் இருந்தது தெனிங் அக்கா ஒருத்திதான்.

அக்கா இருந்தது ஃபாதியூத்தில். தெற்கே ஜுவால் கரையை ஒட்டிய சிப்பித் தீவு அது. நடக்கிற தெரு, கட்டுகிற சுவர், புதைக்கிற மேடு எல்லாமே அங்கே சிப்பிதான். லத்திர் பிறந்த கையோடு தாய் போய்விட, பாவாடை கட்டத் தெரிந்த வயசுகூட ஆகாத தெனிங் அவனை முதுகில் கட்டிக்கொண்டு, ஜுவால் கரையில் மீனைப் புகைபோட்டு வளர்த்தாள். அந்தப் புகையில் அவள் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். அவன் டக்கார் வந்து, மினி பஸ்ஸின் பின்னால் தொங்கி ஆள் கூப்பிட்டு, பிறகு டாக்சிக்கு வந்து, ஊர் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தான். அந்தச் சுற்று எங்கே தொடங்கினாலும் அக்கா வீட்டுச் சோளச் சோற்றில்தான் போய் முடியும். அவள் சமையலைச் சாப்பிட்ட எந்த வெள்ளைக்காரனும் லத்திரிடம் சண்டை போட்டதில்லை.

அன்றைக்குக் காலையில் நான் கடையைத் திறக்கும்போது அக்காவின் புருசன் ஜெகான் போன் பண்ணினான்.

"யேரோ, தெனிங் போயிட்டா. விடியல்ல ஃபஜ்ர் தொழுகைக்கு எழுப்பினேன், எந்திரிக்கல."

பாதி திறந்த கதவை அப்படியே விட்டேன். அவனே தொடர்ந்தான்.

"அவனுக்கு நீதான் சொல்லணும். நேர்ல சொல்லு. வண்டி ஓட்டுறவன், போன்ல சொல்லாதே. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அடக்கம். வெயில் காலம், அதுக்கு மேல வைக்க முடியாது. அதுக்குள்ள அவனைக் கூட்டிட்டு வந்துடு."

கெட்ட சேதியைக் கேலி முறைக்காரன் வாயால் சொல்வதுதான் எங்கள் வழக்கம். அவனிடம் கோபப்பட முடியாது, அவன் சொல்வதைத் தட்டவும் முடியாது என்பதால் பெரியவர்கள் அப்படி வைத்தார்கள். வைத்தவர்கள் கையில் கிடைத்தால் நான் இரண்டு கேள்வி கேட்பேன்.

வாசலுக்கு வந்தேன். லத்திர் பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு வயசான தம்பதியைப் பின்சீட்டில் ஏற்றிக் கதவை வெளியே இருந்து சாத்திக்கொண்டிருந்தான். நான் அவன் தோளைப் பிடித்தேன்.

"லத்திர், ஒக்காருடா. ஒரு விசயம். தெனிங் அக்கா மவுத்தாயிட்டாங்கடா."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "காலங்காத்தால பசியா? அக்காவையே கொன்னுட்டியே. கருமாதிச் சோறு திங்கணும்னா நேரா கேக்க வேண்டியதுதானே, சோத்துத் திருடா."

"அல்லா மேல சத்தியமா."

"அல்லாவை ஏன்டா இழுக்குறே? போன நோம்புக்கு என் வண்டி கடலுக்குள்ள போயிடுச்சுன்னு இதே சத்தியம்தானே பண்ணினே? நானும் செருப்பில்லாம ஓடினேன்."

உண்மைதான். பண்ணினேன். ஓடினான்.

"சரி, முன்சீட்டுல ஏறு. நாங்களும் ஃபாதியூத்துக்குத்தான் போறோம். நீ கொன்ன அக்கா கையால சாப்பிட்டுட்டு வா" என்றான்.

வேறு வழியில்லாமல் ஏறினேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தெரிந்திருந்தால் அவனைத் தள்ளிவிட்டு நானே ஓட்டியிருப்பேன். போகிற இடம் ஒன்றுதானே, எப்படியாவது நேரத்தோடு போய்விட்டால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் ஊர் பார்க்க வந்தவர்களுக்கு ஏது அவசரம்? துறைமுகத்துக்குப் பக்கத்தில் படம் எடுக்க ஒருதரம் நிறுத்தினார்கள். ஆட்டுச் சந்தையில் ஒருதரம் நிறுத்தினார்கள். பிறகு, தெற்கே போக வேண்டிய வண்டியை வடக்கே திருப்பினான் லத்திர்.

"ஏன்டா இந்தப் பக்கம்?"

"ரோஸ் ஏரி. இவங்க கேட்டிருக்காங்க."

பெரிய மழையும் வெள்ளமும் உள்ளே புகுந்ததிலிருந்து அந்த ஏரி ரோஸ் நிறத்தில் இல்லை. டக்காரில் எல்லாருக்கும் தெரியும். லத்திருக்கும் தெரியும். போய் நின்றதும் மாதாம், அந்தப் பெல்ஜியக்காரி, தன் போனிலிருந்த படத்தையும் தண்ணீரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "ஏரி லீவுல போயிருக்கு மாதாம்" என்றான் லத்திர். அவள் சிரித்தாள். அந்த அழுக்குத் தண்ணீரைச் சுற்றி அவர்கள் காலாற நடந்தார்கள்.

நான் அந்த மாதாமிடமே போனேன். என் பிரெஞ்சு தையல் கடைப் பிரெஞ்சு. அளவும் விலையும் சொல்லத்தான் வரும். இருந்தாலும் சொன்னேன்: "இவன் அக்கா இறந்துவிட்டாள். இன்றைக்கு. நாம் சீக்கிரம் போக வேண்டும்."

அவள் முகம் வெளுத்தது. ஓடிப்போய் லத்திரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவனோ விழுந்து விழுந்து சிரித்தான். "மாதாம், இவன் துக்குலோர். நான் செரேர். இவன் என் குடும்பத்தை வாராவாரம் கொல்லுவான், அது எங்க மரியாதை. அவங்க வாப்பா சாவுல நான் சந்தூக்குக்குக் குறுக்க படுத்து கெடா கேட்டேன்!" அவள் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள். எவ்வளவு அழகான வழக்கம் என்றாள். புருசனைக் கூப்பிட்டு, எங்கள் இருவரையும் தோளோடு தோள் நிற்க வைத்துப் படம் பிடித்தாள். அந்தப் படத்தில் நான் எப்படி இருக்கிறேனோ, எனக்குப் பார்க்க வேண்டாம்.

"நீ அக்காவுக்குப் போன் போடு. இப்பவே போடு" என்றேன்.

"போடுறேன். அவங்க எடுத்து ஒன்னைக் கிழிக்கப் போறாங்க பாரு." ஸ்பீக்கரில் போட்டான். அக்கா போனை ஜெகான் எடுத்தான்.

"மச்சான், எல்லாரும் சொகமா?"

"சொகம்தான். அமைதிதான்" என்றான் ஜெகான்.

"அக்கா எங்க?"

"படுத்திருக்கா."

"இந்நேரத்துக்கா? சரி, படுக்கட்டும். ரெண்டு விருந்தாளியோட வர்றேன், சொல்லிடு."

"ம். மெதுவா, ரோட்டைப் பாத்து வா."

நான் போனைப் பிடுங்கினேன். "ஜெகான், சொல்லுடா! அவனுக்கு நீயே சொல்லு!" அந்தப் பக்கம் வைத்துவிட்டான்.

"பாத்தியா?" என்றான் லத்திர், என் முதுகில் ஒன்று வைத்து. "தூங்குறவளைச் சாகடிச்சுட்டியே."

சிறுநீர் கழிக்கப் போவதுபோல் போய் மறுபடி ஜெகானைக் கூப்பிட்டேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவனும் அழுதான். "ஓட்டுறவன்கிட்ட போன்ல எப்படிடா சொல்றது? வழியில எங்கயாவது மோதிட்டா ரெண்டு பேரைப் பொதைக்கணும். அதுக்குத்தானே ஒன்னை அனுப்பினோம்?" அவன் சொல்வதிலும் தப்பில்லை. யார் மேலும் தப்பில்லாமல் நேரம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

வழியில் ம்பூர் என்கிற ஊரில் சாப்பிட உட்கார்ந்தார்கள். மீன் சோறு, பெரிய தட்டு. லத்திர் தன் பக்கத்திலிருந்த மீன் துண்டைப் பிட்டு என் பக்கம் தள்ளினான். எனக்கு அந்த வாசனையில் அக்காவின் கண்தான் ஞாபகம் வந்தது. கை சோற்றுக்குப் போகவில்லை. அழுதுவிட்டேன். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, கடைக்காரி திரும்பிப் பார்க்கிற அழுகை.

"லத்திர், எந்திரிடா. ஒன் காலைப் புடிக்கிறேன். அடக்கம் பண்ணிடுவாங்கடா."

அவன் கை தட்டின் மேலேயே நின்றுவிட்டது. நான் பார்த்தேன். சோறு பிடித்த விரல் அப்படியே நின்றது. அவன் கண் என் முகத்தில் எதையோ தேடியது. இதோ நம்பிவிட்டான் என்று நினைத்தேன். அப்போது முசியே, பெல்ஜியக்காரர், கை தட்டினார். நல்ல நடிப்பு என்று பாராட்டினார். லத்திர் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு சிரித்தான். ஆனால் அது பழைய சிரிப்பு இல்லை.

"துக்குலோர் சோத்தைத் தொடலன்னா ஒடம்புக்குத்தான் ஏதோ" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினான். பாதிச் சோறு தட்டிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு அவன் என்னைக் கேலி பண்ணவில்லை. ரேடியோ போடவில்லை. வண்டியை விரட்டினான். நானும் மறுபடி சொல்லவில்லை. சொன்னால் சிரித்துவிடுவானோ என்று பயம். அவன் கேட்கவும் இல்லை. கேட்டால் நான் என்ன சொல்வேனோ என்று அவனுக்குப் பயம் என்று இப்போது தோன்றுகிறது. வழியில் ஒரு பெரிய பவோபாப் மரத்தைப் பார்த்து மாதாம் நிறுத்தச் சொன்னாள். பேசின பேச்சு பேச்சு என்பதால் நிறுத்தினான். எஞ்சினை அணைக்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தான். அவர்கள் மரத்தின் பொந்துக்குள் ஒருவர் மாற்றி ஒருவர் நுழைந்து படம் எடுத்தார்கள். ரோட்டோரப் பள்ளிவாசலிலிருந்து அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. நாங்கள் இருவரும் அதைக் கேட்டோம்.

ஜுவாலில் வண்டியை விட்டுவிட்டு மரப்பாலத்தில் நடந்தோம். தீவுக்குள் வண்டி போகாது. லத்திர் முன்னால் போனான், ஓட்டமும் நடையுமாக. வெள்ளைக்காரர்கள் பின்தங்கிவிட்டார்கள். பாலத்தின் நடுவிலிருந்து பார்த்தால், தீவிலிருந்து புதைக்கிற கபர் மேட்டுக்குப் போகும் இன்னொரு பாலம் தெரியும். அதில் வெள்ளை உடுப்பில் ஆண்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். மேட்டிலிருந்து தீவுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவர்கள் தோளில் காலிச் சந்தூக்கு.

லத்திர் நின்றான்.

"யாரோ போயிட்டாங்க போல" என்றான். ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்று சொல்வது போலச் சொன்னான். அவன் என் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கூட்டத்தில் ஜெகான் இருந்தான். எங்களைக் கண்டதும் அவர்களை விட்டுவிட்டுத் தீவைச் சுற்றி ஓடிவந்தான். கை இரண்டும் முழங்கை வரைக்கும் சிப்பிப் பொடியில் வெளுத்திருந்தது.

"ஒனக்காக எவ்வளவோ நேரம் பாத்தோம் லத்திர். இமாமும் பாத்தாரு. தண்ணி ஏறுற நேரம்னு பெரியவங்க சொல்லிட்டாங்க."

லத்திர் அந்தக் கைகளைத் தொட்டான். பொடி அவன் விரலில் ஒட்டியது. அதை உதறவும் இல்லை, துடைக்கவும் இல்லை. பின்னாலிருந்து மாதாமின் குரல் கேட்டது. அந்த வெள்ளை ஊர்வலம் ஏதாவது திருவிழாவா என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

லத்திர் என் பக்கம் திரும்பினான். குழந்தை கேட்பது போல இருந்தது அவன் கேட்டது. கோபமே இல்லை.

"நீ ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

காலையிலிருந்து சொன்னதெல்லாம் என் தொண்டை வரைக்கும் வந்தது. வாசலில் சொன்னது, ஏரியில் சொன்னது, சோற்றுக்கு முன்னால் அழுதது, எல்லாம். அதில் ஒன்றைக்கூட எடுத்து அவனிடம் நீட்ட எனக்கு மனசு வரவில்லை.

"சொல்லியிருக்கணும்டா" என்றேன்.