நான் அவிழ்க்கச் சொன்ன கயிறு

கயிற்றை அவிழ்க்கச் சொன்னது நான்தான்.

மல்லிகா அன்று கூட்டத்தில் சொன்னது முழு உண்மை. அத்தனை பேர் முன்னிலையில் “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்று நான் சொன்னதுதான் பொய். அந்தப் பொய்யால் ஒருத்தி தன் ஊரை விட்டே போனாள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம் என்று தொடங்கினால், என்னை நல்லவளாகக் காட்டும் விவரங்களை முன்னால் அடுக்கிவிடுவேன். எனக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு.

நான் கள்ளக்குறிச்சிக்காரி. ஆன்லைனில் விற்கும் மலிவான அலமாரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தட்டையான அட்டைப்பெட்டியில் பலகைகளாக வரும். கூடவே ஒரு பை நிறையத் திருகாணிகள் வரும். நாமே முறுக்கி நிமிர்த்திக்கொள்ள வேண்டும். அவற்றை வாங்கிக் குழந்தைகளுக்கான விளையாட்டு வீடுகளாக மாற்றித் தருவது என் தொழில்.

என் மகளுக்கு மூன்று வயதானபோது ஒரு செருப்பு அலமாரியைக் குட்டிச் சமையலறை ஆக்கினேன். பழைய சிடி இரண்டு அடுப்பாயின. எவர்சில்வர் கிண்ணம் ஒன்று பாத்திரம் கழுவும் தொட்டியாயிற்று. அந்த வீடியோவை எங்கெங்கோ இருப்பவர்களெல்லாம் பார்த்தார்கள். சங்கராபுரத்திலிருந்தும் தியாகதுருகத்திலிருந்தும் அழைப்பு வந்தது. மேசைக்கு அடியில் மளிகைக்கடை, துணி அலமாரிக்குள் பொம்மலாட்ட மேடை... கை வைத்ததெல்லாம் அழகாக வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் மலையிலிருந்து அலமேலு பேசினார்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம். அங்குள்ள பெண்கள் குழுவுக்கு அலமேலு தலைவி. மரவள்ளிக் காட்டுக்குக் கூலிக்குப் போகும் தாய்மார்கள், பிள்ளைகளை விட்டுச் செல்ல ஓர் அறையை ஏற்பாடு செய்திருந்தார்கள். அதே ஊர்ப் பெண்ணான மல்லிகா அங்கே இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். “அறை சும்மா வெறிச்சோன்னு இருக்குதுங்க. உங்க வீடியோல வர்ற மாதிரி எதுனா பண்ணிக் குடுங்களேன்” என்றார் அலமேலு.

ஒரு பைசா வேண்டாம், செய்து தருகிறேன் என்றேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள்! மலை, பனிமூட்டம், பூப்போட்ட சட்டையில் குழந்தைகள்... வீடியோ எப்படி வரும் என்பதுதான் என் மனதில் முதலில் ஓடியது.

ஆறடி உயரப் புத்தக அலமாரிகள் இரண்டை வாங்கினேன். வீட்டிலேயே சன்னல்கள் வெட்டி, மஞ்சள் வண்ணம் பூசி, பலகைகளாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அங்கே இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து நிமிர்த்தியபோது, அது ஒரு மாடி வீடாகி நின்றது. கீழ்த்தட்டில் குழந்தைகள் உட்கார மெத்தை. மேலே பொம்மைகளுக்கு அறைகள். பின்பக்கமிருந்தும் வெளிச்சம் வரவேண்டும் என்பதற்காக அலமாரியின் முதுகில் அடிக்கும் மெல்லிய பலகையை நான் பொருத்தவே இல்லை. அது வெறும் மறைப்பு என்றுதான் நினைத்தேன்.

இல்லை... இதுவும் பொய். அந்தப் பலகைதான் அலமாரியைக் கோணாமல் பிடித்து நிறுத்துகிறது என்று பெட்டியில் வந்த தாளில் படம் போட்டே காட்டியிருந்தார்கள். உயரமான அலமாரியை இரும்புப் பட்டை வைத்துச் சுவரோடு திருகாணியால் முடுக்க வேண்டும் என்றும் போட்டிருந்தார்கள். இரண்டையும் நான் பார்த்தேன்.

சுவரில் துளை போட டிரில் மெஷின் கொண்டுபோயிருந்தேன். ஆனால் கரண்டு போய்விட்டது. பனி இறங்கத் தொடங்கியது. வண்டிக்காரர் கீழே இறங்க வேண்டும் என்று அவசரப்படுத்தினார். இருக்கும் வெளிச்சத்தில் வீடியோ எடுத்துவிட வேண்டும் என்று நான் பறந்தேன்.

மல்லிகா மட்டும் அந்த அலமாரியின் மேல் கை வைத்து மெல்ல அசைத்துப் பார்த்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை.

“அக்கா, ஆடுதுக்கா.”

“புதுசுல அப்படித்தான் இருக்கும். அடுத்த வாரம் நான் வந்து சுவத்தோட முடுக்கிடறேன்.”

அடுத்த வாரம் நான் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. மல்லிகா இரண்டு முறை போன் செய்தாள். ஒரு முறை எடுக்கவில்லை. மறுமுறை, வேலையாக இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? மாடு கட்டும் கயிறு ஒன்றை எடுத்து, அந்த மஞ்சள் வீட்டைச் சுற்றிக் கட்டி, அறையின் சன்னல் கம்பியோடு இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். பத்தாவது தாண்டாத ஒரு பெண்ணுக்குத் தோன்றியது. ஊருக்கெல்லாம் செய்து காட்டிய எனக்கு...!

ஒரு நாள் அலமேலு பேசினார். வெளியூரிலிருந்து யாரோ பெரியவர்கள் அறையைப் பார்க்க வருகிறார்களாம், படம் பிடிப்பார்களாம். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இப்போது எப்படி இருக்கிறது, படம் அனுப்பு என்று மல்லிகாவிடம் கேட்டேன். அவள் அனுப்பிய படத்தில், என் மஞ்சள் வீட்டின் குறுக்கே அழுக்குக் கயிறு!

உடனே கூப்பிட்டேன்.

“இன்னா மல்லிகா இது? பாக்கவே அசிங்கமா இருக்கு. கயித்த அவுத்துடு.”

“அவுத்தா ஆடுமேக்கா. பசங்க புடிச்சி ஏறுதுங்க.”

“அவங்க வந்து பாத்துட்டுப் போற வரைக்கும்தானே? நான் சொல்றேன்ல, அவுத்துடு. ஒண்ணும் ஆவாது.”

“சரிங்கக்கா” என்றாள்.

வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். படங்கள் மிக நன்றாக வந்திருந்தன. அன்று பிற்பகல் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவ மல்லிகா வாசலுக்குப் போயிருந்தாள். தட்டுகளை வைத்துவிட்டு வந்து மறுபடி கயிறு கட்டலாம் என்றிருந்தாளாம். வெண்ணிலா என்று நான்கு வயதுக் குழந்தை. மேல் அறையில் இருந்த பொம்மையை எடுக்க, அலமாரியின் கீழ்த்தட்டில் கால் வைத்து ஏறினாள்.

வீடு அவள் மேல் சாய்ந்தது.

உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கை பலகைக்கும் தரைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. மோட்டார் சைக்கிளில் வைத்து, அத்தனை வளைவுகளையும் கடந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை.

நான் மருத்துவமனைக்குப் போனேன். பழங்களும் ஒரு பெரிய பொம்மையும் வாங்கிக்கொண்டு! வெண்ணிலாவின் அம்மா செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அங்கேயே சொல்லியிருக்கலாம். நான் பொம்மையைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து ஊரில் கூட்டம் போட்டார்கள். என்னையும் அழைத்தார்கள். மல்லிகா ஓரமாக நின்றாள்.

“கயித்த எதுக்குடி அவுத்த?” என்று கேட்டார் அலமேலு.

“அக்காதான் போன்ல அவுக்கச் சொன்னாங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செல்வியும் பார்த்தாள். அந்த நொடியில் எனக்கு என்னவெல்லாம் தோன்றியது என்று உங்களிடம் மறைக்கப் போவதில்லை. என் வீடியோக்கள். என்னை வீட்டுக்கு அழைக்கும் தாய்மார்கள். போலீஸ். என் மகள்... வெண்ணிலாவின் விரல்கள் தோன்றவில்லை.

“நான் அப்படிச் சொல்லவே இல்லைங்க” என்றேன். “கயிறு கட்டியிருந்ததே எனக்குத் தெரியாது.”

மல்லிகா கத்துவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அக்கா...” என்றாள். அவ்வளவுதான். அனுப்பிய படத்தைக் காட்டவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

என்னை நம்பினார்கள். ஏன் நம்பினார்கள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நான் கீழே டவுனிலிருந்து வந்தவள், காசு வாங்காமல் செய்து கொடுத்தவள், திருத்தமாகப் பேசுபவள். அவள் தங்களோடு காட்டில் களையெடுத்தவள். தங்களில் ஒருத்தி பொய் சொல்லுவாள் என்று நம்புவது அவர்களுக்கு ஏனோ சுலபமாக இருந்தது. அந்தச் சுலபத்தை நான் பயன்படுத்திக்கொண்டேன்.

அறையை மூடிவிட்டார்கள். மல்லிகாவோடு ஊரில் யாரும் பேசவில்லை. சில மாதங்களில் அவளும் கணவனும் கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகள் மறுபடி தாய்மார்களோடு காட்டு வெயிலில்.

நான்? என் தொழில் நின்றுவிடவில்லை. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாகச் சுவரில் துளை போட்டு முடுக்குகிறேன். இரண்டு கையாலும் இழுத்து ஆட்டிக் காட்டுகிறேன். “எவ்ளோ அக்கறையா செய்றீங்க!” என்கிறார்கள். சிரிக்கிறேன். என்ன மனுஷி நான்!

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு வழியாக மல்லிகாவின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். என்னை மன்னித்துவிடு என்று அழுதேன். அவள் அழவில்லை.

“நீங்க சொன்னீங்க, சரி. அவுத்தது என் கைதானேக்கா? ஆடுதுன்னு தெரிஞ்சிகினே அவுத்தேன். அத நான் எங்க போய்ச் சொல்றது?”

நான் மறுபடியும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

“என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? செல்விகிட்ட சொல்லுங்க. ஊர்ல சொல்லுங்க. எங்க மாமியாருக்கு ஒடம்பு முடியல. நான் வந்து பாக்கணும். எந்த மூஞ்சிய வச்சிகினு அந்த ஊருக்குள்ள வருவேன்?”

“சொல்றேன் மல்லிகா. நிச்சயமா சொல்றேன்” என்றேன்.

போனேன். அதுவரை உண்மை. வெள்ளிமலையில் பஸ் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போய், செல்வியின் வீட்டு வாசலில் நின்றேன். வெண்ணிலா பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறாள். என்னை அடையாளம் தெரியவில்லை. நோட்டைத் திறந்து தன் கையெழுத்தைக் காட்டினாள்.

செல்வி காபி போட்டுக் கொடுத்தாள்.

“ஆஸ்பத்திரிக்கு நீங்க வந்து பாத்தத நான் மறக்கலிங்க. ஒறவுக்காரங்க கூட அப்படி வரல” என்றாள். “அவதான்... எங்கூடவே வளந்தவ. எம்புள்ள கைய இப்படிப் பண்ணிட்டு, பழிய உங்க மேல போட்டா பாருங்க! அத நெனச்சாதான் எனக்கு ஆற மாட்டேங்குது.”

இப்போது சொல், இப்போது சொல் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. காபியைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

போன வாரம் மல்லிகா கூப்பிட்டாள். அவளாக என்னை அழைத்தது, அந்த நாட்களுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

“சொல்லிட்டீங்களாக்கா?”

நீங்கள் என்னை எவ்வளவு கேவலமாக நினைத்தாலும் சரி. நான், “சொல்லிட்டேன்” என்றேன்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“செல்வி இன்னா சொல்லிச்சிக்கா?”

“ஒண்ணும் சொல்லல. அழுதாங்க.”

“அழட்டும்க்கா. அழுதா தீந்துடும்.” அவள் குரல் அவ்வளவு லேசாகி நான் கேட்டதே இல்லை. “அப்ப நான் பொங்கலுக்கு ஊருக்கு வரேன். டிக்கெட் போடச் சொல்லிட்டு உங்களுக்குச் சொல்றேன்.”

பொங்கலுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. அவள் பேருந்திலிருந்து இறங்கி, புதுப்புடவையோடு, நேராகச் செல்வியின் வீட்டுக்குத்தான் நடப்பாள்.

அதற்குள் நான் போய்ச் சொல்லிவிடுவேனா? இதை எழுதி உங்களிடம் சொல்ல முடிந்த எனக்கு, அங்கே வாய் திறக்குமா?

எனக்குத் தெரியவில்லை... சத்தியமாகத் தெரியவில்லை. நேற்று கச்சிராயபாளையம் வரை போய், மலையேறாமல் திரும்பிவிட்டேன்.