நமுத்துப்போன வெளிச்சம்

கோம்பையில் அண்ணன் நடத்தும் பிராட்பேண்ட் கடையில், ஃபைபரில் சோர்ந்து வரும் ஒளிக்குத் தெம்பூட்டுகிற ஆம்ப்ளிஃபையர் பெட்டியைத் தூக்கி அலமாரியில் வைத்தபோதுதான் அந்த யோசனை வந்தது. உள்ளே வேலை செய்வது எர்பியம் என்ற அரிய உலோகம் கலந்த கண்ணாடி இழைதான். அதே எர்பியத்தைப் பிளாஸ்டிக்கில் கலந்து, தலைமுடியைவிட மெல்லிய கோடாக்கினால், இத்தனை பெரிய பெட்டி விரல்நகத்தில் அடங்காதா?

"அடங்கும், அடங்கும். முதல்ல பெட்டியக் கீழ போடாமப் பிடி" என்றான் அண்ணன்.

அந்த வேகத்தில்தான் தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வு மாணவியானேன். சிலிக்கான் தட்டில் பாலிமர் கரைசலை ஊற்றிச் சுழற்றுவேன், படலமாகும். காயவைத்து, புறஊதா ஒளியால் கோடு பதிப்பேன். லேசரைச் செலுத்தினால் கோடு பச்சையாக மினுங்கும், பாதித் தூரத்தில் மங்கிவிடும். பெருகி வரவேண்டிய சிக்னல் அனுப்பியதைவிடக் குறைந்து வரும். ஆனி பிறந்ததிலிருந்து ஏழு முறை இதே கதி. எர்பியம் பொடி இன்னும் ஒரு முறைக்குத்தான் இருக்கிறது. "அதுலயும் சிக்னல் பெருகலைன்னா ஆய்வுத் தலைப்ப மாத்திருவோம்" என்று பேராசிரியை நேற்றே சொல்லிவிட்டார்.

இன்று மேசையில் கவிழ்ந்து அழுதேன். ஆய்வக உதவியாளர் அக்கா முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார்.

"ஏத்தா, நீ அழுதா தட்டு சிரிக்கவா போகுது? இந்தா." தானும் ஒன்றைக் கடித்தார். "ச்சே! காலையில பிரிச்சது, அதுக்குள்ள நமுத்துப்போச்சு. சன்னல எவ தொறந்து போட்டா?"

நான்தான். கூடலூர்ப் பக்கமிருந்து சாரல் காற்று இறங்கும்போது இங்கே யாரும் சன்னலைச் சாத்தமாட்டோம். கரைசல் நெடியும் போகும் என்று ஏழு தட்டுகளையும் அங்கேதான் காயவைத்தேன். பாலிமர் ஈரத்தை உறிஞ்சும். லேசரிடம் எர்பியம் வாங்கிய ஆற்றலை அந்த ஈரம் பிடுங்கிக்கொள்ளும். இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன்! சாரலை மட்டும் ஈரம் என்று நினைக்கத் தோன்றவில்லை.

"அக்கா, தட்டும் நமுத்துப்போச்சுக்கா!"

"போச்சு, கிறுக்குப் பிடிச்சிருச்சு. மேடம் பாத்தாகன்னா வைவாக, மூஞ்சியக் கழுவு."

இது மட்டும்தான் காரணமா, தெரியாது. கோட்டின் ஓரம் சொரசொரப்பாக இருந்தாலும் ஒளி சிதறும். அதையும் தனியாகச் சோதிக்கப் பொடி போதாது. நாளை மிச்சப் பொடியையும் பாலிமரையும் வெற்றிட அடுப்பில் உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டிக்குள் படலம் பூசி, வெளியே எடுக்குமுன் தண்ணீர் ஒட்டாத ஃபுளோரின் பாலிமரால் மூட வேண்டும். சூடு கூடினால் எர்பியம் சேர்மம் சிதையும், குறைந்தால் ஈரம் போகாது. தொண்ணூறு டிகிரியில் தொடங்கப் போகிறேன்.